காற்றுக் கசிவும் மறைந்துள்ள உழைப்பும்

பொருளொன்று செவ்வனே தொழிற்படும்வரை அதனை ஆக்கியோரின் உழைப்பு நமது கவனத்துக்கு வருவதில்லை. அது பழுதுறும்போதே ஆக்கியோரை நாம் நினைக்கின்றோம். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாந் தொகுதியிற் கார்ல் மார்க்ஸ் இவ்வுண்மையைச் சுட்டியுள்ளார். ஐக்கிய அமெரிக்காவிற் பெருவழக்காயுள்ள ‘மோட்டார் ஹோம்’ எனப்படும் வீட்டு வாகனத்தின் காற்றுக்குழாய் இணைப்புகளில் ஏற்படும் கசிவு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அக்கசிவின் தன்மையையும், அதனைத் திருத்தும் முறையையும், அதன் பின்னணியிலுள்ள சமூக உறவுகளையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

படுக்கை, சமையலறை, குளியலறை ஆகியன கொண்ட இவ்வாகனங்களுட் பெரியவை, பஸ் வண்டி போன்று, பின்புறத்தே டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டவை. இவற்றில் அமுக்கப்பட்ட காற்று இரு பணிகளைச் செய்கின்றது. ஒன்று, பிறேக்கை இயக்குதல். மற்றது, வில்லுத் தகடுகளுக்குப் பதிலாக அமைந்த றப்பர்க் காற்றுப்பைகளை நிரப்பி வாகனத்தின் பாரத்தைத் தாங்குதல். எஞ்சினால் இயக்கப்படும் காற்றமுக்கி தாங்கிகளை நிரப்ப, அங்கிருந்து நைலோன் குழாய்கள் வழியாகக் காற்றுச் செல்கின்றது. குழாய்கள் சந்திக்கும் இடங்களிற் பித்தளை இணைப்புகள் உள. கசிவு பெரும்பாலும் இவ்விணைப்புகளிலேயே தோன்றுகின்றது.

இத்தொழில்நுட்பத்தின் மூலம் புகையிரதத்திலே உள்ளது. காற்றுப் பிறேக் வருமுன்னர், ஓடும் சரக்கு வண்டிகளின் கூரைமீது தாவிச்சென்று ஒவ்வொரு பெட்டியின் பிறேக்கையும் கையாற் சுழற்றி இறுக்குவது தொழிலாளரின் கடமையாயிருந்தது. தவறி வீழ்ந்து மாண்டோர் பலர். ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இற் காப்புரிமை பெற்ற முதலாவது காற்றுப் பிறேக்கிற் குழாய் அறுந்தாற் பிறேக் செயலிழந்துவிடும். 1872இல் அவர் இம்முறையைத் தலைகீழாக்கினார்: குழாயில் அமுக்கங் குறைந்தாற் பிறேக் தானே இறுகும். நீண்ட சரக்கு வண்டிகளுக்கேற்ப 1887 அளவில் அது செம்மையாக்கப்பட்ட பின்னரும், கம்பனிகள் பல செலவை எண்ணிக் காலந்தாழ்த்தின. லொரென்சோ கொஃபின் போன்றோரின் இடையறாத முயற்சியின் பின்னர், 1893இலேயே இதனைக் கட்டாயமாக்கும் சட்டம் நிறைவேறியது. உயிர்காக்கும் கருவி கண்டுபிடிக்கப்படுவதற்கும், அது தொழிலாளரின் பாதுகாப்புக்குப் பயன்படுவதற்கும் இடையில் ஒரு போராட்டம் வேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

மோட்டார் ஹோமும் இதே தத்துவத்தைப் பின்பற்றுகின்றது. நிறுத்தற் பிறேக்கை இறுக்குவது வலிய சுருள்வில். அதனை விலக்கி வைத்திருப்பது காற்றமுக்கம். அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தலுக்கு வீழ்கையில் எச்சரிக்கை எழும். 20 முதல் 45 இறாத்தலுக்கிடையில் வில் முற்றாக இறுகிவிடும். எனவே கவனியாது விடப்பட்ட கசிவு, வாகனத்தை நெடுஞ்சாலையின் நடுவே நிறுத்திவிடவுங் கூடும்.

கசிவை அறிவதற்குச் சமதரையிற் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, தாங்கிகளை நிரப்பி, எஞ்சினை நிறுத்தி, பிறேக்கை விடுவித்து, அமுக்கமானியை ஒரு நிமிடம் அவதானிக்க வேண்டும். வீழ்ச்சி 2 இறாத்தலுக்கு மேற்படலாகாது. மிதியை அழுத்திப் பிடித்த நிலையில் 3 இறாத்தலுக்கு மேற்படலாகாது. இரவில் நிறுத்திய வாகனம் காலையில் ஒரு மூலையிற் பதிந்திருப்பின், அம்மூலையின் காற்றுப்பையையோ குழாயையோ உயரத்தைச் சீராக்கும் வால்வையோ ஐயுறலாம். பின்னர் சவர்க்கார நீரைத் தூரிகையால் இணைப்புகளிற் பூசவேண்டும். குமிழி எழுமிடமே கசியுமிடமாகும்.

திருத்துமுன் தாங்கிகளிலுள்ள காற்றை முற்றாக வெளியேற்றல் வேண்டும். கசியும் இணைப்பை மேலும் மேலும் இறுக்குவது குழாயை நசுக்கிக் கசிவைப் பெருக்கும். பழைய முனையைக் கூரிய வெட்டுக்கருவியாற் செங்குத்தாக வெட்டியகற்றி, நட்டால் இறுக்கும் வகையாயிற் புதிய பித்தளை வளையத்தையும் குழாயினுள்ளே செருகும் உறையையும் இடவேண்டும். இங்குக் காற்றை அடைப்பது வளையமே. ஆதலின் நட்டின் புரியில் நாடா சுற்றுவதாற் பயனில்லை. தள்ளிச் செருகும் வகையாயிற் குழாயை அடிவரை தள்ளி, பின் இழுத்துப் பார்த்தல் வேண்டும். வெட்டியபின் குழாய் எட்டாதுவிடின், பிறேக்குக்கென அங்கீகரிக்கப்பட்ட புதிய குழாயையே இடவேண்டும். இறுதியிற் சவர்க்கார நீர்ச் சோதனையை மீளவும் செய்தல் அவசியம்.

எல்லாவற்றிலும் பார்க்க முக்கியமானது ஒன்றுண்டு. காற்றுப்பையிலிருந்து காற்று வெளியேறியதும் வாகனத்தின் உடற்பகுதி சடுதியாகக் கீழிறங்கும். அடியிற் கிடப்பவர் நசுங்கி மாள்வர். பாரந்தாங்கவல்ல உருக்குத் தாங்கிகளை அடிச்சட்டத்தின்கீழ் நிறுத்தாது எவரும் உள்ளே நுழையலாகாது. ‘ஜக்’ மட்டும் போதாது.

இணைப்புகள் கசிவதேன்? வெப்பம், அதிர்வு, முதுமை ஆகியன காரணங்களாம். குழாய் கோணலாக வெட்டப்பட்டமையும், முற்றாகச் செருகப்படாமையும் காரணங்களாம். அமெரிக்க வீட்டு வாகனங்களிற் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்து எல்காட் மாவட்டத்திலும் சூழவுமே ஆக்கப்படுகின்றது. அங்கு துண்டுவேலைக் கூலிமுறை நெடுநாள் வழக்கிலுள்ளது. விரைவுக்கே ஊதியம் என்னுமிடத்து, குழாயை இழுத்துப் பார்க்கும் இரு விநாடிகூடத் தொழிலாளிக்கு நட்டமாகிவிடலாம். எனினும் ஒவ்வொரு கசிவையும் கூலிமுறையின் விளைவென்பது யாந்திரீகமான வாதமாகும்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. கூலிக்கு லொறியோ பஸ்ஸோ ஓட்டுபவர், காற்றுப் பிறேக் பற்றிய சோதனையில் தேறியே உரிமம் பெறவேண்டும். அதே பிறேக் பூட்டிய மோட்டார் ஹோமைச் சொந்தப் பயன்பாட்டுக்கு ஓட்டுபவரிடம் பல மாநிலங்கள் அவ்வணிக உரிமத்தைக் கோருவதில்லை. அறியாமையால் விளையும் ஆபத்தோ, வாகனத்துள் இருப்பவரையும் பாதையிற் செல்பவரையும் அடியிற் படுத்துத் திருத்துபவரையும் ஒருங்கே சாரும். அமுக்கமானியை ஒரு நிமிடம் பார்க்கும் அறிவு தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட சுமையாக மட்டும் இருத்தல் ஆகாது. புகையிரதத் தொழிலாளரின் உயிர்களை விலையாகக் கொடுத்து ஈட்டப்பட்ட அவ்வறிவு, அவ்வாகனத்தைச் செலுத்தும் அனைவருக்கும் உரிய பொது உடைமையாதல் வேண்டும்.