பின்னிருக்கைக்காக நீண்ட கார்

சொகுசுக் கார் வாங்க எண்ணுவோர் விவரக் கையேட்டைப் புரட்டியதும் தேடுவது எஞ்சினின் குதிரைத்திறனைத்தான். நீண்ட வீல்பேஸ் கொண்ட செடான் கார்களில் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுவன்று என்பது நம் கருத்து.

முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரையுள்ள தொலைவே வீல்பேஸ். மெர்சிடிஸ் பென்ஸ் இ-கிளாஸ் காரின் வழக்கமான வடிவில் இது 2,961 மி.மீ.; 2024 அக்டோபரில் இந்தியாவில் அறிமுகமான நீண்ட வடிவில் 3,094 மி.மீ. கூடியது 133 மி.மீ., ஒரு சாண்கூட இல்லை. ஆயினும் அந்த நீளம் பின்னிருக்கையில் அமர்பவரின் கால்களுக்கே போய்ச் சேர்கிறது. ஓட்டுநரை அமர்த்திக்கொண்டு பின்னால் அமர்ந்து செல்லும் வழக்கம் மிகுந்த நம் நாட்டுக்கு இந்த வடிவம் 2017-லேயே வந்துவிட்டது. புனேக்கு அருகிலுள்ள சாக்கனில் இது தயாராகிறது.

சென்னை ஆலையில் தயாராகும் பி.எம்.டபிள்யூ 530 எல்ஐ காரின் வீல்பேஸ் 3,105 மி.மீ. எண்ணை மட்டும் பார்த்தால் இதுவே பெரிது. ஆனால், இ-கிளாஸில் பின்னிருக்கையின் முதுகுப்பகுதியைச் சாய்த்துக்கொள்ள முடியும். நெடும்பயணத்தில் முதுகுக்குத் தெரியும் வேறுபாடு அந்த 11 மி.மீ. அன்று, இந்தச் சாய்வே. எஞ்சினைப் பொறுத்தவரை, இரண்டிலும் 2 லிட்டர் பெட்ரோல் வகை உண்டு. 530 எல்ஐ 258 குதிரைத்திறனும் இ 200 வகை 204 குதிரைத்திறனும் தருகின்றன. நகர நெரிசலில் இரண்டுமே தேவைக்கு மிகுதிதான்.

நீளத்துக்கு ஒரு விலையும் உண்டு. சக்கரங்கள் விலகி நிற்பதால் மேடுபள்ளங்களில் வண்டி முன்னும் பின்னும் அசைவது குறைகிறது. அதே காரணத்தால், உயரமான வேகத்தடையில் வண்டியின் நடுவயிறு உரசும் வாய்ப்பு கூடுகிறது. திரும்புவதற்கும் கூடுதல் இடம் வேண்டும். பின்கதவும் நீளமானது, அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒடுங்கிய நிறுத்துமிடத்தில் அதை முழுவதும் திறக்க இயலாமற் போகலாம். சோதனை ஓட்டத்தை விற்பனையகத்துக்கு முன்னுள்ள அகன்ற சாலையோடு முடித்துவிடாமல், வண்டியைத் தம் வீட்டு நிறுத்துமிடம் வரை கொண்டுவரச் சொல்லலாம். அந்த ஓட்டத்தில் பாதி நேரமாவது பின்னிருக்கையில் அமர்ந்து பார்ப்பது நல்லது. தாமே ஓட்ட விரும்புவோர், பயன்படுத்தாத இடத்துக்கு மாதத் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

கடன் தொகையைத் தீர்மானிக்குமுன் வரிகளையும் கணக்கிடுவோம். 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைப் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடு. இது விலைக்குள்ளேயே அடங்கிவிடும். சாலைவரியும் காப்பீடும் தனி. பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வாகனமாதலால் விற்பனையாளர் 1 விழுக்காடு வரியையும் வசூலிப்பார்: 80 இலட்சம் ரூபாய்க் காருக்கு 80,000 ரூபாய். இது வாங்குபவரின் வருமான வரிக் கணக்கில் வரவாகும். பட்டியலில் பான் எண் சரியாக இருந்தால், கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்தத் தொகையை ஈடுசெய்துகொள்ளலாம்.