அமெரிக்காவில் டாக்டர் ஆகணுமா? முதல் செமஸ்டரிலேயே கோட்டை விடக் கூடாத பாடம் எது? முழு விவரம்

நம்ம ஊரில் பிளஸ் 2 முடித்து, நீட் எழுதினால் நேராக எம்.பி.பி.எஸ். அமெரிக்காவில் கதையே வேற. அங்கே முதலில் 4 ஆண்டு இளநிலைப் பட்டம். அதன்பிறகுதான் 4 ஆண்டு மருத்துவப் படிப்பு. அந்த இளநிலைப் பட்டத்தில் எந்தப் பாடத்தை எப்போது எடுக்கிறோம் என்பதில் சறுக்கினால், டாக்டர் கனவு ஒரு வருடம் தள்ளிப்போகும். எப்படி?

'ப்ரீ-மெட்' தனி டிகிரியா?

பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. வரலாறு, இசை, பொருளாதாரம் என எதை வேண்டுமானாலும் மேஜராகப் படிக்கலாம். கூடவே, மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களையும் முடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

என்னென்ன பாடங்கள்?

* உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல்: பொதுவாகத் தலா ஒரு ஆண்டு, லேப் வகுப்புடன்
* உயிர்வேதியியல்: ஒரு செமஸ்டர்
* ஆங்கிலம், கணிதம் அல்லது புள்ளியியல்

இது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பள்ளியிலேயே ஏ.பி. தேர்வில் வாங்கிய கிரெடிட்டைச் சில மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை.

சிக்கல் எங்கே?

வேதியியலில்தான். பொது வேதியியல் 2 செமஸ்டர் முடித்தால்தான் கரிம வேதியியல். அது 2 செமஸ்டர். அதன்பிறகு உயிர்வேதியியல். ஆக, வழக்கமான வரிசையில் 5 செமஸ்டர்.

மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் உயிர்வேதியியல் முக்கியப் பகுதி. இளநிலை முடித்த கையோடு மருத்துவம் சேர, மூன்றாம் ஆண்டு முடியும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அதாவது 6-வது செமஸ்டர் வாக்கில் எம்கேட் எழுதியாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு செமஸ்டர்கூட வீணாக்க இடமில்லை.

பொது வேதியியலை முதல் செமஸ்டரில் விட்டு, ஜனவரியில் தொடங்கினால்? பல கல்லூரிகளில் கரிம வேதியியலின் முதல் பகுதி ஆகஸ்ட் - செப்டம்பரில்தான் தொடங்கும். கோடை வகுப்பில் ஈடுகட்டாவிட்டால் ஒரு வருடம் போச்சு. திட்டமிட்டே ஒரு வருடம் இடைவெளி விட்டுச் சேர்பவர்களும் நிறைய. ஆனால் தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

மார்க் குறைந்தால் திரும்பப் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் இங்கே அரியர் க்ளியர் பண்ணுவது போல் அல்ல. எம்.டி. படிப்புக்கான பொது விண்ணப்ப முறையான ஆம்காஸில் பழைய கிரேடு, புது கிரேடு இரண்டும் ஜி.பி.ஏ. கணக்கில் சேரும். கல்லூரியே பழையதை நீக்கிவிட்டாலும் இதுதான் விதி. அறிவியல், கணிதப் பாடங்களுக்குத் தனி ஜி.பி.ஏ. வேறு உண்டு.

அதனால் வேதியியலை முதல் செமஸ்டரில் எடுங்கள். ஆனால் உயிரியல், இயற்பியல், கணிதம் என எல்லாவற்றையும் அதோடு சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இயற்பியலை மூன்றாம் ஆண்டில்கூடப் படிக்கலாம்.

தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்கள் கவனத்துக்கு

மாணவர் விசாவில் இருப்பவர்களைப் பல அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சேர்ப்பதே இல்லை. அமெரிக்க அரசின் கல்விக் கடனும் அவர்களுக்குக் கிடையாது. 4 ஆண்டு செலவழித்த பிறகு இது தெரிந்து பயனில்லை. இங்கேயே எம்.பி.பி.எஸ். முடித்து, யு.எஸ்.எம்.எல்.இ. எழுதி, அங்கே ரெசிடென்சி பயிற்சிக்குப் போவது தனி வழி.

இப்போ என்ன செய்யணும்?

சேர விரும்பும் மருத்துவக் கல்லூரிகளின் தேவைகளை அவற்றின் இணையதளத்திலும், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் எம்.எஸ்.ஏ.ஆர். பக்கத்திலும் பாருங்கள். விண்ணப்பிக்கும் மாதத்தில் இருந்து பின்னோக்கி எண்ணி, எந்தப் பாடம் எந்த செமஸ்டர் என ஒரு தாளில் எழுதுங்கள். முதல் செமஸ்டருக்குப் பாடங்களைப் பதிவு செய்யும் முன், அந்தத் தாளோடு கல்லூரியின் ப்ரீ-ஹெல்த் ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள்.