வேலூர் வெயிலா, சென்னைப் புழுக்கமா?

கோலார் தங்க வயலில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கும்போது தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "இனி எங்கே?" என்பதுதான் அது. பெங்களூர் வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. இங்கேயே இருந்துவிடலாம் என்றால் பிள்ளைகள் இங்கே இல்லை. எத்தனை ஊர்களைச் சுற்றினாலும் பேச்சு கடைசியில் வேலூர், சென்னை என்ற இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். இரண்டுமே வெயிலுக்குப் பெயர் போனவை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில், மின்விசிறியைக்கூட யோசித்துப் போடும் ஊரில் ஆயுளைக் கழித்துவிட்டு, எந்த அடுப்பில் போய் உட்காருவது என்று தேர்ந்தெடுக்கும் நிலைமை நமக்கு!

என் வீட்டில் இந்தக் கேள்வி இரண்டு வருடங்களாக நடந்தது. நான் பெமல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அண்ணன் சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது வரை வேலை செய்தார். அதன் மிச்சமாக அவர் நுரையீரலில் கல்தூசு படிந்திருக்கிறது, சிலிகோசிஸ் என்கிறார்கள். அண்ணி காலமான பிறகு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தூங்குவது மட்டும் தன் லைன் வீட்டில். மகன் பெங்களூரில், மகள் சென்னை அம்பத்தூரில். என் மனைவிக்கு மகள் பக்கம் போகவேண்டும் என்று ஆசை. பேரப்பிள்ளை இருக்கும் இடத்தில் பாட்டியின் மனசு இருப்பது இயற்கைதானே.

"சொந்த ஊருக்குப் போகிறீர்களா?" என்று கேட்பவர்கள் பலர். எங்கள் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி ஏறி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கே எங்களுக்கு ஒரு குழி நிலமும் இல்லை. ஊரில் எங்கள் முகம் தெரிந்தவர்களும் இல்லை. ஆகவே இதைத் திரும்பிப் போவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது புதிதாகக் குடிபோவதுதான்.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். உயரம் ஆயிரம் மீட்டர் குறைந்தால் சூடு ஆறு, ஆறரை டிகிரி கூடும் என்பது பொதுக்கணக்கு. தங்க வயலிலிருந்து வேலூருக்கு 600 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம்; அதாலேயே நான்கு டிகிரி கூடிவிடும். போதாததற்குச் சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூரில் செய்தியே அல்ல. வேலூரை வெயிலூர் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சென்னைக்குக் கடல் காற்று உண்டு. மதியம் ஒரு மணி சுமாருக்கு அது உள்ளே வந்தால் சூடு தணியும். மேல்காற்று வலுத்து அதைத் தடுக்கும் நாட்களில்தான் வினை. 2003 மே 31-ல் சென்னையில் 45 டிகிரி பதிவானது. ஆனாலும் சராசரியாகப் பார்த்தால் மே மாதச் சென்னை, வேலூரைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவுதான். டிகிரியை மட்டும் பார்ப்பவர் சென்னையைத்தான் தேர்ந்தெடுப்பார்.

நாங்கள் பார்த்துவிட்டே முடிவு செய்வோம் என்று ஒரு வைகாசியில் மகள் வீட்டில் பத்து நாள், அங்கிருந்து அப்படியே காட்பாடியில் தெரிந்தவர் வீட்டு மாடியில் பத்து நாள் தங்கினோம். அண்ணனையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். அம்பத்தூரில் மூன்றாம் நாளே அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காட்பாடியில் பகலில் வெந்து போனார். ஆனால் ராத்திரி படுத்துத் தூங்கினார். எனக்கு ஆச்சரியம். "இன்னாண்ணா, இங்கதான் வெயிலு ஜாஸ்தி?" என்றேன்.

"வெயிலு வேற, வேக்காடு வேறடா. வேர்வை காய்ற எடத்துல மனுசன் பொழச்சிக்குவான். காயாத எடந்தான் ஆளைத் தின்னும். மெட்ராஸ் அண்டர்கிரவுண்டு மாதிரி இருக்கு" என்றார்.

அன்பர்களே, இதைச் சொன்னவர் லேசான ஆள் இல்லை. சாம்பியன் ரீஃப்ஸில் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலேயிருந்து குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பியும் போதவில்லை. தூசு பறக்காமலிருக்கத் துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்தத் தண்ணீர் சூட்டில் ஆவியாகிக் காற்றெல்லாம் ஈரம். ஈரக் காற்றில் வேர்வை வழியுமே தவிர உலராது. உலராத வேர்வை உடம்பைக் குளிர வைக்காது. விஞ்ஞானம் புத்தகத்தில் சொல்வதை அண்ணன் இருபத்தைந்து வருடம் முதுகில் படித்தவர்.

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. மண்பானையில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வேலூரில் இரண்டு மணி நேரத்தில் ஜில்லென்று ஆகும். சென்னையில் சித்திரை, வைகாசியில் பானை வேர்த்துக்கொண்டு நிற்கும், தண்ணீர் பெரிதாகக் குளிராது. ஏர் கூலரும் பானையின் தம்பிதான். வேலூரில் அது வேலை செய்யும். சென்னையில் அறைக்குள் இன்னும் ஈரத்தைச் சேர்த்து இம்சை செய்யும், ஏ.சி. இல்லாமல் தீராது. கூலர் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ கால் யூனிட் மின்சாரம் தின்னும் என்றால், ஏ.சி. ஒரு யூனிட்டுக்கு மேல் தின்னும். பென்ஷனில் வாழ்பவருக்கு இது பெரிய வித்தியாசம். 2014-ல்தான் தொழிலாளர் பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நம் சுரங்கத் தொழிலாளர் பலருக்கு அதையொட்டித்தான் வருமானம். கூலர் வாங்குபவர்கள் அதன் புல்லை வாரம் ஒருமுறை கழுவிக் காயப்போட வேண்டும். பூஞ்சை பிடித்தால் ஆஸ்துமாக்காரருக்கு வேறு வினை வேண்டியதில்லை.

அப்படியானால் தங்க வயலிலேயே இருந்துவிட்டால் என்ன? வேக்காடும் இல்லை, வேர்வையும் இல்லை. அண்ணன் கேட்டதும் அதுதான். அவருடைய மருத்துவச் சீட்டுகளை மேசை மேல் வைத்தேன். சுரங்கம் நடந்த காலத்தில் நம் ஊர் ஆஸ்பத்திரிக்குச் சுற்று வட்டாரமே வந்தது. சுரங்கத்தோடு அதுவும் போயிற்று. மூச்சு முட்டினால் கோலாருக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டும். போதாததற்கு நூறு வருடமாக அரைத்துக் கொட்டிய சயனைடு மண் மலைகள். ஆடிக் காற்று அடித்தால் அந்த மண் லைன் வீடுகளுக்குள் வந்து பாத்திரத்தில் படியும். கல்தூசு தின்ற நுரையீரலுக்கு மேலும் தூசு எதற்கு?

வேலூரில் சி.எம்.சி. இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது. இன்று வங்காளத்திலிருந்து வருபவர்களுக்காகவே காந்தி ரோட்டுப் பக்கம் வங்காளி எழுத்தில் போர்டு மாட்டிய சாப்பாட்டுக் கடைகள் உண்டு. கூட்டத்துக்குப் பயந்தவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். சென்னையும் குறைந்ததல்ல. தாம்பரம் சானடோரியம் 1928-லிருந்து நெஞ்சு நோய்க்கென்றே நடக்கிறது. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் 2024-ல் திறந்தார்கள். ஆனால் அம்பத்தூரிலிருந்து தாம்பரம் போய் வருவது எழுபது வயது மனிதருக்கு ஒரு நாள் கூலி வேலை. காட்பாடி காந்தி நகரிலிருந்து சி.எம்.சி.க்கு ஆற்றுப் பாலம் தாண்டினால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு ஊரும் பாவப்பட்டவை. 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டபோது, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு ரயில் கிளம்பியதே, நினைவிருக்கிறதா? வேலூர் வட்டாரமே தாகத்தில் கிடந்து, மேட்டூரிலிருந்து காவிரியைக் குழாயில் வரவழைத்துக் குடிக்கிறது. அதிலிருந்துதான் சென்னைக்குப் பங்கு போயிற்று. பாலாறோ பெயரளவில்தான் ஆறு. நமக்குப் பேத்தமங்கலத்தில் ஏரியாக நின்று தண்ணீர் கொடுத்த அதே பாலாறுதான் அங்கே மணலாகக் கிடக்கிறது. தோல் பதனிடும் கழிவு அதை என்ன செய்தது என்பதை 1996-ல் உச்ச நீதிமன்றமே விவரமாக எழுதியது. ஆகவே வீடு பார்க்கும்போது போர்வெல் தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் வாடகை குறைவு என்பதற்காகச் சம்மதிக்காதீர்கள்.

காகித விவகாரங்களையும் மறக்க வேண்டாம். ரேஷன் கார்டை இங்கே ஒப்படைத்தால், கர்நாடகம் 2023-ல் தொடங்கிய கிருகலட்சுமி 2,000 ரூபாயும் அதோடு போகும். தமிழ்நாடு அதே ஆண்டு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், அதுவும் நிபந்தனைகளோடு. என் மனைவி இந்தக் கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டார். இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மாநிலத்துப் பட்டியல் இனச் சலுகை, வேறு மாநிலம் குடிபோனால் கூட வராது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. தாத்தா வட ஆற்காட்டிலிருந்து புறப்பட்டு நாங்கள் கர்நாடகத்தார் ஆனோம். இப்போது அதே வட ஆற்காட்டுக்குப் போனால் வெளிமாநிலத்தார். எங்களைப் போன்ற கிழங்களுக்கு இதனால் நஷ்டமில்லை. படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் யோசித்துச் செய்யவேண்டும்.

கடைசியில் எங்கள் வீட்டு வழக்கைத் தீர்த்தது வெயிலும் அல்ல, ஆஸ்பத்திரியும் அல்ல, ரயில் அட்டவணை. என் மனைவி சென்னையை விடுவதாக இல்லை. நான் பேப்பரை எடுத்துக் கோடு போட்டேன். காட்பாடியிலிருந்து சென்னை 130 கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மகள் சனிக்கிழமை காலை வந்து ஞாயிறு மாலை திரும்பலாம். பெங்களூர் மகனுக்கும் அதே பாதையில்தான் ரயில். பங்காரப்பேட்டையில் பிருந்தாவன் ஏறினால் காட்பாடி. பஸ் என்றால் வி.கோட்டா, பேரணாம்பட்டு, குடியாத்தம் வழியாக நூறு கிலோமீட்டர் அளவுதான். நல்லதுக்குப் போக முடியாவிட்டாலும் கெட்டதுக்குப் போய் நிற்க வேண்டுமே. மாரிக்குப்பத்தில் காலையில் ஒரு சாவு என்றால் எடுப்பதற்குள் வேலூரிலிருந்து வந்துவிடலாம். சென்னையிலிருந்து போனில்தான் அழ வேண்டும். இதைச் சொன்னபோதுதான் மனைவி பேசாமல் இருந்தார். அவருடைய அண்ணன் தம்பிகள் நான்கு பேரும் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறார்கள்.

காந்தி நகரில் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு, கிழக்குப் பார்த்தது, வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். வாங்கவில்லை, ராபர்ட்சன்பேட்டை வீட்டை விற்கவும் இல்லை. மூன்று சித்திரை கழித்துத்தான் விற்பதைப் பற்றிப் பேச்சு. மேல் தளம் மட்டும் வேண்டாம் என்று நண்பர்களுக்குச் சொல்வேன். மொட்டை மாடியின் சூடு நள்ளிரவு வரை தலையில் இறங்கும்.

அண்ணன்தான் இழுத்துக்கொண்டே இருந்தார். அவருடைய லைன் வீடு பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. பத்திரம் கையில் இல்லை. பூட்டிக்கொண்டு போனால் அது தன்னுடையதாக இருக்காது என்று பயம். பல மாதப் பேச்சுக்குப் பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். பங்குனி முதல் வைகாசி வரை, வேலூர் வேகும் காலத்தில், அவர் தங்க வயலிலேயே இருப்பார். மைத்துனர் வீட்டில் சாப்பாடு. ஆடிக் காற்று கிளம்பி மண் பறக்கும் முன்பு எங்களிடம் வந்துவிடுவார். மாசி முடிய அங்கேதான். டாக்டரிடம் கேட்டோம், மருந்தை மறக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் சரி என்றார். லைன் வீட்டுச் சாவியை அண்ணன் எங்களிடம் தரவில்லை. எதிர் வீட்டில், அவரோடு கேஜில் இறங்கிய பழைய கூட்டாளியிடம் கொடுத்து, தினமும் சாயங்காலம் விளக்குப் போடச் சொல்லியிருக்கிறார்.