வரிப்புலியும் இலங்கைச் சிறுத்தையும்

தமிழ் மக்களின் உள்ளத்தைப் புலியைப்போலக் கவர்ந்த விலங்குகள் மிகச் சிலவே. குறிஞ்சி நிலத்தைப் பாடிய சங்கப் புலவர் புலியை மறந்து அந்நிலத்தைக் கண்டாரல்லர். பாறைமீது உதிர்ந்து கிடக்கும் வேங்கைப் பூக்கள் புலியின் தோற்றத்தைத் தருதலால், மரத்துக்கும் விலங்குக்கும் ஒரு பெயரே வழங்கலாயிற்று. தொல்காப்பிய மரபியலும் நாய், பன்றி, முயல் என்பவற்றோடு புலியைச் சேர்த்து, அவற்றின் இளமைப்பெயர் குருளை என வகுத்துரைக்கின்றது.

இத்துணைப் பழக்கமான வரிப்புலி இலங்கைக் காடுகளில் இல்லை. ஆயினும், சுன்னாகத்தின் தோட்டங்களையும் பனந்தோப்புகளையும் விட்டு, ஆனையிறவைக் கடந்து வன்னிக் காடுகளை அடைவோர் அங்குள்ளார் வாயிற் புலி என்னும் சொல்லைக் கேட்கலாம். அவர் குறிப்பது சிறுத்தையை. பெயரளவில் இது மயக்கமேயெனினும், வாழ்க்கை முறையை நோக்குமிடத்து அப்பெயர் மிகப் பொருத்தமானதே. அஃது எங்ஙனம் என்பதை அறியப் பெரும்பூனைகளின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும்.

பூனைக் குடும்பத்துள் வரிப்புலி, சிங்கம், சகுவார், சிறுத்தை, பனிச்சிறுத்தை என்னும் ஐந்தையும் விலங்கியலார் ஒரே பேரினத்தில் அடக்குவர். இவற்றுள் மிகப் பெரியது வரிப்புலி. இந்தியக் காடுகளில் வாழும் ஆண்புலி 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையதாதல் இயல்பு. சிங்கம் அதற்கு அடுத்தது. சகுவார் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. பனிச்சிறுத்தை இமயம் முதலிய உயர்மலைகளில் வாழ்வது. ஏனைய நான்கையும்போல அது கர்ச்சிப்பதில்லை.

இவற்றின் உடலமைப்பு வேட்டைக்கென்றே வாய்த்தது. நடக்கும்போது நகங்கள் உறைக்குள் ஒடுங்கியிருத்தலால் அவை தேய்வதில்லை, ஓசையும் எழுவதில்லை. விழித்திரையின் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புதலால் மங்கிய ஒளியிலும் கண் நன்கு காணும். கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல் போல இறைச்சியை அரியும். ஆனால் நெடுந்தூரம் துரத்தியோடும் ஆற்றல் இவற்றுக்கில்லை. பதுங்கி நெருங்கிச் சடுதியிற் பாய்தலே இவற்றின் முறை. ஆதலின் மறைந்து நிற்கப் புதரும், புல்லும், நிழலும் இன்றியமையாதன. காடு அழியின், இரை எஞ்சியிருந்தாலும் வேட்டை கைகூடாது.

வரிப்புலி தனித்து வாழ்வது. ஒவ்வொரு புலிக்கும் தனக்கென எல்லை உண்டு. மரங்களிற் சிறுநீர் தெளித்தும், பட்டையைக் கீறியும் அதனை அது அறிவிக்கும். பெண்புலியின் எல்லை இரையின் செறிவைப் பொறுத்தது. ஆணின் எல்லையோ பல பெண்புலிகளின் எல்லைகளை உள்ளடக்கும். ஏறத்தாழ மூன்றரை மாதக் கருப்பத்தின்பின் கண் திறவாத குருளைகள் இரண்டு முதல் நான்கு வரை பிறக்கும். தாய் ஏறக்குறைய இரண்டாண்டுகள் அவற்றைக் காத்து வேட்டையைப் பயிற்றும். வளர்ந்த புலி ஒன்றுக்கு ஆண்டுதோறும் மான் அளவினவாகிய விலங்குகள் ஏறக்குறைய 50 வேண்டப்படும் என்பர். எனவே ஒரு புலி வாழ வேண்டுமாயின், அதன் பின்னே பல நூறு மான்களும், அம்மான்களுக்குப் புல்லும் நீரும் உள்ள பெருங்காடும் இருத்தல் வேண்டும். இந்திய அரசு 1973 இல் தொடங்கிய புலிப் பாதுகாப்புத் திட்டம் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டதே. புலியைக் காக்கும் பொருட்டுக் காடு முழுவதும் காக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்தியப் புலிகளின் தொகையை 3,682 என மதிப்பிட்டது. தமிழ்நாட்டிலும் களக்காடு, முண்டந்துறை, முதுமலை, ஆனைமலை முதலிய காடுகள் புலிகளுக்குப் புகலிடமாய் உள்ளன.

புலி உலவும் காட்டிற் சிறுத்தை இரண்டாம் நிலையது. புலி எதிர்ப்படின் விலகுவதும், கொன்ற இரையை மரக்கிளையில் ஏற்றி மறைப்பதும், புலி குறைவாய்த் திரியும் காட்டோரங்களை நாடுவதும் அதன் வழக்கம். வலியாரை அஞ்சி வாழும் வாழ்வு அது.

இலங்கையின் நிலை வேறு. ஒரு காலத்தில் இத்தீவிலும் சிங்கமும் புலியும் இருந்தன என்பதற்குச் சான்றுகள் உள. குருவிற்றப் பகுதியிற் கிடைத்த பற்களைக் கொண்டு, அற்றுப்போன சிங்க வகையொன்றைத் தெரணியாகல என்னும் அறிஞர் 1939 இல் விவரித்தார். அப்பகுதிக் குகையொன்றிற் கிடைத்த புலியின் பாத எலும்பு ஏறக்குறைய 16,500 ஆண்டு பழைமையுடையதெனக் கணிக்கப்பட்டுள்ளது. பனியூழி நீங்கிக் கடல்மட்டம் உயர்ந்தபோது, இந்தியாவையும் இலங்கையையும் இணைத்திருந்த நிலவழி நீரில் மூழ்கியது. அற்றுப்போன சிங்கமும் புலியும் அதன்பின் மீண்டு வர வழியில்லாதொழிந்தது. எஞ்சிய பெரும்பூனை சிறுத்தை ஒன்றே. அதனைத் தனித் துணையினமாக அதே அறிஞர் 1956 இல் வகுத்துப் பெயரிட்டார்.

தனக்கு மேலொன்றில்லாத இந்நாட்டிற் சிறுத்தை புலியின் இடத்தை ஏற்றுக்கொண்டது. ஆண் சிறுத்தையின் நிறை சராசரி 56 கிலோகிராம். 77 கிலோகிராம் வரை நிறையுடையனவும் அறியப்பட்டுள்ளன. பெண் அதிற் பாதியளவே. புள்ளிமானே அதன் முதன்மை இரை. காட்டுப்பன்றி, குரங்கு என்பனவும், மரையின் கன்றும் உணவாகும். பறிப்பாரில்லாமையால் இரையை மரத்திலேற்றும் வழக்கம் இங்கு குறைவு. பெரும்பாலும் நிலத்திலேயே தின்னும். யால, வில்பத்துக் காடுகளிற் பட்டப்பகலில் வெளிப்பட்டுக் கற்பாறையிற் படுத்திருத்தலும் காணப்படும். யாலவின் ஒரு பகுதி உலகிற் சிறுத்தைகள் மிகச் செறிந்து வாழும் இடங்களுள் ஒன்றாகும். உடலிற் சிறுத்தையாயினும் தொழிலிற் புலி என இதனைக் கூறலாம். வன்னி மக்கள் வழங்கும் பெயரின் பொருத்தம் இதுவே.

இவ்வுயர்நிலையே இதன் இடருக்கும் காரணமாயிற்று. இரைவிலங்குகளின் பெருக்கத்தை அடக்கும் வேறு பெரும்பூனை இத்தீவில் இல்லை. இஃது அழியின் இதன் தொழிலை ஏற்பாரில்லை. கடல் கடந்து வந்து இதன் இடத்தை நிரப்புவாருமில்லை. முதிர்ந்த சிறுத்தைகளின் தொகை ஆயிரத்துக்கு உட்பட்டதென மதிப்பிடப்படுகின்றது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் பன்றிக்கென வைக்கும் சுருக்குக்கம்பிகளில் இவை அகப்பட்டு இறக்கின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தையொன்று அவ்வாறு சிக்கி, மீட்கப்பட்டும் சில நாட்களுள் மாண்டது.

குடாநாட்டுக்கு அண்மையிலும் இத்தகைய துயர் நிகழ்ந்தது. 2018 ஜூன் 21 அன்று கிளிநொச்சி அம்பாள்குளத்திற் குடியிருப்பினுட் புகுந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. ஊரவர் அதனை அடித்துக் கொன்றனர். அம்மக்களின் அச்சம் பொய்யன்று, காயமும் பொய்யன்று. காட்டருகில் வாழ்வோரை இகழ்ந்துரைத்தல் தொலைவில் வாழ்வோர்க்கு எளிது. ஆயினும் சிறுத்தை மனிதனை இரையாகத் தேடும் இயல்பினதன்று. மக்கள் சூழ்ந்து ஆரவாரித்துத் தப்பும் வழியை அடைத்தவிடத்து அது பாயும். அத்தகைய வேளையிற் கூட்டம் விலகி நிற்றலும், மயக்க மருந்து செலுத்த வல்லார் காலந்தாழாது வந்து சேர்தலும் மனிதனையும் விலங்கையும் ஒருங்கே காக்கும்.

வரிப்புலியின் வரலாறும் சிறுத்தையின் வரலாறும் உணர்த்துவது ஒன்றே. பெரும்பூனையின் வாழ்வை அதன் பல்லும் நகமும் மட்டும் முடிவு செய்வதில்லை. அது வாழும் நிலமும் உடன்வாழும் உயிர்களும் முடிவு செய்கின்றன. இத்தீவு சிங்கத்தை இழந்தது, புலியையும் இழந்தது. அவற்றை இழந்தபின் சிறுத்தை இருந்தது. சிறுத்தையின்பின் இருக்கத்தக்கது யாதுமில்லை.