40 ரூபாயா, 600 ரூபாயா?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்களில் அநேகர் வைத்தியத்துக்கோ கலியாணச் சாமான் வாங்கவோ போகிறவர்கள். இடையில் ஒருநாள் ஓய்வு கிடைத்தால் மாமல்லபுரம். அங்கே கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. நாமும் வெளிநாட்டவர்தானே என்று 600ஐ எண்ணிக் கொடுத்தால் காசு போனது போனதுதான். இந்தியத் தொல்லியல் துறை சார்க், பிம்ஸ்டெக் நாட்டவரிடம் இந்தியருக்குரிய கட்டணத்தையே வாங்குகிறது. இலங்கை இரண்டிலும் உறுப்பு நாடு. கேட்டு வாங்க வேண்டும். கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும்.

வாப்பா, உம்மா, 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 15 வயதுக்குக் கீழே இலவசம். கடவுச்சீட்டு கையில் இருந்தால் செலவு 80 ரூபாய். அறையில் வைத்துவிட்டு வந்தால் 1,200. வித்தியாசம் 1,120 இந்திய ரூபாய்; ஒன்றுக்கு மூன்றரை என்று போட்டால் நம் காசில் 3,920. இணையத்தில் எடுத்தால் ஆளுக்கு 35 ரூபாய். அதில் மிஞ்சுவது மொத்தம் 10 ரூபாய்தான், அதற்காக மெனக்கெட வேண்டாம். ஆனால் டிக்கட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டுக்கும் அன்றைக்கு அந்த ஒரே டிக்கட்தான்.

இந்தச் சலுகை எல்லா இடத்திலும் இவ்வளவு தாராளமில்லை. தாஜ்மஹாலில் வெளிநாட்டவருக்கு 1,100, நமக்கு 540, இந்தியருக்கு 50. தொல்லியல் துறையின் பங்கு நமக்கும் 40தான். மற்ற 500 ஆக்ரா அபிவிருத்தி அதிகாரசபைக்குப் போகிறது. நம் நாட்டுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சிகிரியாவில் வெளிநாட்டவருக்கு 30 டொலர் இருந்த காலத்தில் இந்தியர் 15 டொலர் கொடுத்தார்கள். மாமல்லபுரத்தில் அவர்கள் நம்மிடம் வாங்குவதோடு ஒப்பிட்டால், நாம் அவர்களுக்குக் காட்டியது சிறிய தாராளம்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகக் கணக்கு வேறு. 1851இல் தொடங்கிய அது மாநில அரசுக்குரியது; தொல்லியல் துறையின் சலுகை அங்கே செல்லாது. இந்தியருக்கு 15 ரூபாய், வெளிநாட்டுப் பெரியவருக்கு 250, பிள்ளைக்கு 125. அதே குடும்பத்துக்கு 750 ரூபாய், நம் காசில் 2,625. கெமரா கொண்டுபோனால் இன்னும் 200. இங்கே விலையைக் குறைக்க வழியில்லை, நேரத்தைத்தான் கூட்டலாம். ஒரு மணித்தியாலத்தில் ஓடி வந்தால் ஒரு பெரியவருக்கு அந்த மணித்தியாலத்தின் விலை 250. ஐந்து மணித்தியாலம் நின்றால் 50. அமராவதிச் சிற்பங்கள், திருவாலங்காட்டு நடராசர் நிற்கும் வெண்கலக் கூடம், ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொருட்கள் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். காலை 9.30க்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும். அன்றைக்கு 1795இல் கட்டிய திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளியில் ஜும்ஆ, பிறகு கடைத்தெரு, சனிக்கிழமைக்கு எழும்பூர். இப்படிப் பிரித்தால் ஓட்டோக் காசும் வீணாகாது.

வெள்ளிக்கிழமை விடுமுறை கொழும்பு தேசிய நூதனசாலையிலும் நெடுங்காலம் இருந்தது. 1877இல் திறந்த அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். என்ன சன்மானம் வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்டபோது, வெள்ளிக்கிழமையில் பூட்டுங்கள் என்று அவர் கேட்டதாக வழிவழியாகச் சொல்வார்கள். காசோ காணியோ கேட்டிருக்கலாம். அந்த மனுசரை நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே உள்நாட்டவர் கட்டணம் வெளிநாட்டவர் கட்டணத்தில் ஒரு சிறு துண்டுதான். அதைக் கொடுத்து முதலில் பார்க்க வேண்டியது 1911இல் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்த கல். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் புகழ். அதுவும் ஒரு கணக்கேடுதான்: பொன் 1,000, வெள்ளி 5,000, வாசனை எண்ணெய் 2,500 கட்டி என்று காணிக்கை வரிசை போகிறது. கட்டுநாயக்காவில் விமானம் ஏறுமுன் கொழும்பில் ஒரு பகல் மிஞ்சுகிறவர்கள், ஒன்பது மணிக்குத் திறந்ததும் இந்தக் கல்லிடம் போகலாம்.