"ஆடுனா சோறு கிடைக்குமா, டீச்சர்?"

கலைத்திருவிழா ஒத்திகை முடிந்து மற்ற பிள்ளைகள் கிளம்பிய பிறகும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா கல் குவாரியில் வேலை செய்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். "டீச்சர், டான்ஸ் ஆடுறதையே வேலையா செய்ய முடியுமா? அதுல சோறு கிடைக்குமா?" என்று கேட்டாள்.

இதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவி என்னிடம் கேட்டிருக்கிறாள். "முதல்ல பத்தாவது பாஸ் பண்ணு, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் பாஸ் செய்தாள்; ஆடுவதை விட்டுவிட்டாள். இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். நல்ல வேலைதான். ஆனால், அவள் கேட்ட வயதில் அவளுக்கு வேறு சில கதவுகளும் திறந்திருந்தன. அது எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்த முறை, "நாளைக்குச் சொல்றேன்" என்று கூறிவிட்டுத் தேடத் தொடங்கினேன். தேடிக் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கல்வெட்டில் இருந்த சம்பளம்

எங்கள் திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகின்றன. இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, அதன் மருத்துவர், பணியாளர்கள், கல்விச் சாலையின் ஆசிரியர், மாணவர் என ஒவ்வொருவருக்கும் அளக்க வேண்டிய நெல்லின் கணக்கு அதில் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டோ ஆடல் மகளிர் 400 பேரின் பெயரையும், அவர்கள் வந்த ஊரையும் சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கப்பட்டன.

வகுப்பில் இதைச் சொன்னபோது, "அப்போ அது கவர்மெண்ட் வேலை மாதிரியா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். ஏறக்குறைய அப்படித்தான். ஆட்டம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு தொழிலாக இருந்தது.

பின்னாளில் அந்தக் குடும்பங்களின் நிலை தாழ்ந்தது. 1947இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சதிர் என்று அழைக்கப்பட்ட ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் சபா மேடைக்கு வந்தது. 1936இல் ருக்மிணிதேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்ரா போன்ற நிறுவனங்கள் மூலம் பிற குடும்பத்துப் பெண்களும் அதைக் கற்றனர். "நாலு பேர் முன்னாடி பொண்ண ஆட விடுறதா?" என்று ஒரு தந்தை தயங்குவதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அவரைக் கோபித்துக்கொள்ளாமல் பேச இது நமக்கு உதவும்.

இரண்டு வாழ்க்கைகள்

தஞ்சாவூர் பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் நடந்தது நம் காஞ்சிபுரத்தில்தான். 1925இல், ஏழு வயதில், காமாட்சியம்மன் கோயிலில் ஆடினார். பாட்டி வீணை தனம்மாள். குரு கந்தப்பப் பிள்ளை. 1973இல் சங்கீத கலாநிதி, 1977இல் பத்ம விபூஷண் என உயர்ந்த விருதுகளைப் பெற்றார். அவரும் மேடையை மட்டும் நம்பி வாழவில்லை. சென்னையிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் நாட்டியம் கற்பித்தார்.

பாலசரஸ்வதிக்குக் கலை வீட்டிலேயே இருந்தது. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜுக்கு வீட்டிலிருந்தே வெளியேற வேண்டியிருந்தது. திருநங்கையான அவர், தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் சேர்ந்து ஆண்டுக் கணக்கில் குருகுலமாகக் கற்றார். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2021இல் தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு உறுப்பினரானார். பின்புலம் இல்லாத குழந்தைக்கு நாம் சொல்ல வேண்டிய கதை இது. அவருக்கும் ஒரு குரு கிடைக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வயதும் வழியும்

இந்தத் துறையில் வாய்ப்புகள் வயதோடு கட்டப்பட்டவை. நான் முன்பு செய்த தவறும் இங்கேதான்.

*5 முதல் 16 வயது வரை:* கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் விடுமுறை நாள்களில் பரதநாட்டியம், பாட்டு, ஓவியம் முதலியவை கற்பிக்கப்படுகின்றன. காஞ்சிபுரத்திலும் மன்றம் உண்டு.

*10 முதல் 14 வயது வரை:* ஒன்றிய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் வழங்கும் திறனறி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஆண்டுக்கு 3,600 ரூபாயும், பயிற்சிக் கட்டணத்துக்கான உதவியும் கிடைக்கும்.

*12 முதல் 25 வயது வரை:* மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுப் படிப்பு உண்டு. பரதநாட்டியத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கட்டணம் மிகக் குறைவு. காஞ்சிபுரத்தில் இப்பள்ளி இருக்கிறது. இதற்காகப் பள்ளிப் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகும் வயது இடம் தருகிறது.

*பள்ளிப் படிப்புக்குப் பின்:* அரசு இசைக் கல்லூரிகள், 2013இல் தொடங்கப்பட்ட இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம், கலாக்ஷேத்ரா ஆகியவை இருக்கின்றன. குருவிடம் 5 ஆண்டுகளாவது பயின்ற, 18 முதல் 25 வயதுக்கு உட்பட்ட இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் வழங்கும் ஒன்றிய அரசின் உதவித்தொகையும் உண்டு.

பெற்றோரிடம் உண்மையைச் சொல்வோம்

மேடை வருமானம் மட்டும் ஒரு குடும்பத்தைத் தாங்குவது அரிது. அரங்கேற்றத்துக்கு ஆடை, நகை, பக்கவாத்தியம், மண்டபம் என்று பெரும் செலவாகும். அது இல்லாமலும் ஒருவர் கலைஞராகலாம். இதைச் சொல்லாவிட்டால் சில பெற்றோர் கடன் வாங்கிவிடுவார்கள்.

நிலையான வருமானம் பெரும்பாலும் கற்பித்தலில் கிடைக்கிறது. அதற்குப் பட்டயமோ பட்டமோ தேவை. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், ஒப்பனை, ஆடை தைத்தல் என்று ஆட்டத்தைச் சுற்றியும் வேலைகள் உண்டு. நாட்டிய ஆடைக்குக் காஞ்சிப் பட்டை வெட்டித் தைப்பதும் ஒரு தனித் தொழில்.

நாம் செய்யக்கூடியவை

ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் முன்பு சினிமாப் பாட்டுக்கு ஆட வைப்பதோடு நம் கடமை முடிவதில்லை. கலைத்திருவிழாவில் தனித்துத் தெரியும் குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் குறித்து வைப்போம். எந்த வாய்ப்பு எந்த வயதில் முடிகிறது என்பது அந்தத் தேதியிலிருந்துதான் தெரியும். சிமெண்ட் தரையில் அரைமண்டியிட்டு மணிக்கணக்கில் தட்டி ஆடினால் முழங்கால் பாதிக்கும் என்பதையும் கவனத்தில் கொள்வோம். ஆண் குழந்தை ஆட விரும்பினால் வகுப்பில் எழும் கேலியை அன்றே நிறுத்துவோம்.

அந்த மாணவியின் வீட்டுக்குச் சென்று இதையெல்லாம் சொன்னேன். அவள் அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "படிப்பு நிக்காதுல்ல டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். "நிக்காதுண்ணா" என்றேன். இப்போது அவள் வார இறுதியில் அம்மாவோடு பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போய்வருகிறாள். திங்கட்கிழமை மதிய இடைவேளையில், கற்ற அடவுகளை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் நடனக் கலைஞர் ஆவாளா என்று இப்போதே சொல்ல முடியாது. அவளுக்கு வயது 13. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்னும் ஓராண்டு இருக்கிறது.