லார்ச் மரத்துக் காளான்

ஆல்ப்ஸ் மலைகளிலும் சைபீரியாவிலும் லார்ச் என்னும் ஊசியிலை மரங்களில் அகாரிகான் என்ற காளான் உண்டாகிறது. கிரேக்க வைத்தியர் டயாஸ்கோரிடிஸ் கி. பி. முதல் நூற்றாண்டிலேயே இதன் குணங்களை எழுதியுள்ளார்.

இதன் நுண்ணிய வித்துக்கள் ஒடிந்த கிளையின் காயத்தின் வழியே உட்புகும். பின்பு காளான் இழைகள் வயிரத்தைத் தின்று, அதைப் பழுப்பு நிறத் துண்டுகளாக உதிரச் செய்யும். எனவே மரவியாபாரிகள் இதை வியாதியென்றே கொள்வர். அவர்களுக்கு நேரும் நஷ்டமும் மெய்யே. ஆயினும் மரம் உடனே பட்டுப்போவதில்லை. வேர் உறிஞ்சும் நீர் ஏறுவது வயிரத்தின் வழியாக அன்று, அதைச் சூழ்ந்த வெள்ளைக்கட்டையின் வழியாகவே. நடுவில் பொந்து விழுந்த புளியமரம் காய்த்துக் குலுங்குவதை நம் விவசாயிகள் கண்டிருப்பர்.

இழைகள் பல வருஷம் உள்ளே வளர்ந்த பின்னரே, குதிரைக் குளம்பு போன்ற காளான் பட்டைமேல் தோன்றும். அதன் அடியில் ஆண்டுதோறும் ஒரு புதிய அடுக்கு சேரும். உட்புறம் சுண்ணாம்புக் கட்டிபோல் வெண்மையாயும் மிகக் கசப்பாயும் இருக்கும்.

பழங்காடுகள் வெட்டப்பட்டமையாலும், மருந்துக்காகக் காளானைப் பெயர்த்தெடுத்தமையாலும் இது அருகிவிட்டது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2019-ம் வருஷத்தில் இதனை அழியும் அபாயமுள்ள இனங்களில் சேர்த்தது. காளானைப் பெயர்த்தால் உள்ளிருக்கும் இழைகள் மாளா. ஆனால் வித்துப் பரவுதல் தடைப்படும். கன்றுகளை நடுவதால் மட்டும் இக்குறை தீராது. அவை வயிரம் பாய்ந்து முதிர ஒரு மனிதன் ஆயுள் போதாது. ஆதலின் காளான் கண்ட மரத்தையும், அதனருகே முதிர்ந்துவரும் மரங்களையும் வெட்டாது விடுதலே வழி. அம்மரம் வீழ்ந்த பின்னும் காளான் அதில் சில காலம் பிழைத்திருக்குமாகையால், அதை விறகுக்கென்று அப்புறப்படுத்தலாகாது.